பசிக்கு ஒரு பேரேடு

எங்கள் மில் அலுவலகத்தில் பழைய பேரேடு ஒன்று பாதிக்கு மேல் வெற்றுத்தாளாகக் கிடந்தது. கணக்கெல்லாம் கணினிக்குப் போன பிறகு அதைத் தொட ஆளில்லை. எடைக்குப் போடுவதற்கு முன்பு கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். போன ஆடி மாதம் தொடங்கி அதில் என் பசியை எழுதி வருகிறேன்.

சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள். நூற்பாலையில் முப்பது வருடம் கணக்கு எழுதியவனுக்கு எதையும் பத்தி பிரித்துப் போட்டால்தான் மண்டையில் ஏறும். வயது 51, எடை 84 கிலோ, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1. "இன்னும் உள்ளே வரவில்லை, ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டீர்கள்" என்றார் டாக்டர். நடக்கச் சொன்னார். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எவ்வளவு வேகம், வாரத்துக்கு எத்தனை நாள் என்று நான் வரிசையாகக் கேட்கவும், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "முதலில் நடங்கள்" என்றார்.

நடந்தேன். மாலை ஆறு மணிக்குக் கோவை ரேஸ்கோர்ஸ் சாலையில், சுற்றி வர இரண்டரை கிலோமீட்டர். கூட நடக்க இரண்டு நண்பர்கள். ஒருவருக்கு மகள் கல்யாணக் கவலை, இன்னொருவருக்கு அரசியல். பேசிக்கொண்டே நடந்ததில் எவருக்கும் மூச்சு வாங்கவில்லை. இரண்டு மாதம் கழித்து எடை பார்த்தால் 84.6.

காரணம் எங்கள் மூவருக்குமே தெரியும். வண்டி நிறுத்திய இடத்துக்குத் திரும்பும் வழியில் ஒரு தள்ளுவண்டி நிற்கிறது. எண்ணெய்ச் சட்டியில் வாழைக்காய் பஜ்ஜி உப்பி மேலே வரும் நேரமும் நாங்கள் வந்து சேரும் நேரமும் ஜோசியர் குறித்துக் கொடுத்ததுபோல் பொருந்தும். அரைமணி நடைக்கு என் எடையில் ஏறக்குறைய 150 முதல் 180 கலோரி செலவாகும். இரண்டு பஜ்ஜியும் சர்க்கரை போட்ட ஒரு டீயும் போதும், அதை அப்படியே திருப்பிக் கட்டிவிடலாம். மூன்றாவது பஜ்ஜி முழுக்க முழுக்க லாபம். செலவைவிட வரவு அதிகம் என்பது வேறு எந்தக் கணக்கில் வந்தாலும் முதலாளி தட்டிக்கொடுப்பார்.

பேரேடு அப்போதுதான் வந்தது. ஆறு பத்திகள் போட்டேன். நேரம், செய்த பயிற்சி, எது முதலில் எது பின்னால், முடித்ததும் எவ்வளவு பசி, ஒரு மணி கழித்து எவ்வளவு பசி, பிறகு சாப்பிட்டது. பசிக்குப் பத்துக்கு மதிப்பெண். பத்து என்றால் சுவரைக் கடிக்கிற பசி. எத்தனை கலோரி எரிந்தது என்று ஏழாவதாக ஒரு பத்தியும் போட்டிருந்தேன். மூன்றாம் வாரத்தில் அதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். மற்ற ஆறும் சொன்ன கதைக்கு அது ஒத்துவரவே இல்லை.

முதல் மூன்று பக்கங்களையும் புரட்டினால் ஒரே செய்திதான். மெல்ல நடந்த நாளெல்லாம் முடித்ததும் பசி ஏழு, எட்டு. ஒருநாள் மட்டும் ஒன்று. என்ன அன்றைக்கு என்று பார்த்தால், மழை பிடித்துக்கொண்டது. மூவரும் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கடைசி அரைச் சுற்றை ஓடியிருக்கிறோம். தள்ளுவண்டிக்காரர் தார்ப்பாய்க்குள்ளிருந்து கூப்பிட்டும் எனக்குப் பஜ்ஜி வேண்டியிருக்கவில்லை. வாயைத் திறந்தால் மூச்சு மட்டும்தான் வந்தது.

அதைப் பிடித்துக்கொண்டுதான் சிங்காநல்லூரில் ஒரு ஜிம்முக்குப் போனேன். கீழே மோட்டார் காயில் கட்டும் கடை, மேலே ஜிம். படியேறும்போது வார்னிஷ் வாசனை, ஏறி முடித்தால் வியர்வை வாசனை. பயிற்சியாளருக்கு என் மகன் வயது. என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். சைக்கிளில் உட்காரவைத்து, அரை நிமிடம் உயிர்போக மிதி, ஒன்றரை நிமிடம் சும்மா மிதி, இப்படி எட்டுத் தடவை என்றார். மொத்தம் பதினாறு நிமிடம்தான். இறங்கியபோது முட்டி இரண்டும் எனக்குச் சொந்தமானவையாகத் தெரியவில்லை. அன்று முடித்ததும் பசி என்ற பத்தியில் பூஜ்யம். ஒரு மணி கழித்து மூன்று.

இது என் ஒருவனுக்கு நேர்ந்த அதிசயம் அல்ல. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பை 1999இல் ஜப்பானில் கோஜிமா, காங்காவா என்ற இருவரும் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் இரைப்பையிலிருந்தே வருகிறது. சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்டென்சல் குழுவினர் ஆட்களை ஓடவிட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நல்ல வேகத்தில் ஓடும்போது கிரெலின் இறங்குகிறது. எடை தூக்கினாலும் இறங்குகிறது. ஓட்டத்தில் கூடுதலாக, போதும் என்று சொல்கிற பி.ஒய்.ஒய். என்ற குடல் சுரப்பும் ஏறுகிறது. பேசிக்கொண்டே போகும் நடைக்கு இந்த அசைவு பெரிதாக இல்லை.

2022இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜொனாதன் லாங் குழுவினர் இன்னொன்றைச் சேர்த்தார்கள். தசை கடுமையாக உழைக்கும்போது லாக்டேட் பெருகும் என்பது பழைய செய்தி. அந்த லாக்டேட், பினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தோடு கூடி லாக்-ஃபே என்ற பொருளாகிறது. உடல் பருத்த எலிகளுக்கு அதை ஊசியில் ஏற்றினால் தீனியைக் குறைத்துக்கொள்கின்றன. மனிதர்களிடம் அளந்தபோது, குறுகிய வெறியோட்டத்தில்தான் அது மிக அதிகமாக ஏறியது. அடுத்து எடைப்பயிற்சி, கடைசியாக நீண்ட நேர மிதமான சைக்கிள். நான் சைக்கிளில் செத்துப் பிழைத்த அரை நிமிடங்களுக்கு ஏதோ ஒரு ரசீது இருக்கிறது என்று மனது ஆறியது.

இதைப் படித்த இரவு அப்பா ஞாபகம் வந்தது. அவர் ரிங் பிரேம் பிரிவில் சைடர். நூல் அறுந்த இடத்துக்கெல்லாம் ஓடி ஓடி இணைக்க வேண்டும், எட்டு மணிநேரமும் கால் நிற்காது. நூல் அறாமல் இருக்க உள்ளே ஈரக்காற்றை ஏற்றியிருப்பார்கள். புழுக்கம் தாங்காது. ஷிப்ட் முடிந்து பஞ்சு ஒட்டிய புருவத்தோடு வந்து திண்ணையில் சாய்வார். அம்மா உடனே சோறு போட மாட்டாள். ஒரு சொம்பு நீராகாரம் மட்டும் கொடுத்துவிட்டு, "அரைமணி போகட்டும், இப்போது இறங்காது" என்பாள். அம்மாவுக்குக் கிரெலின் தெரியாது. அந்த அரைமணி மட்டும் துல்லியமாகத் தெரியும். உழைப்போடு சூடும் சேர்ந்தால் பசி இன்னும் பின்வாங்கும் என்பதும் அந்தத் திண்ணைக் கணக்கில் அடக்கம்.

குளிர் இதற்கு நேர்மாறு. கோவைக் குற்றாலத்தில் குளித்துவிட்டு வருகிறவன் கையில் எது கிடைத்தாலும் தின்பான், அதைச் சொல்ல ஆராய்ச்சி வேண்டாம். ஆனாலும் இருக்கிறது. 2005இல் ஃப்ளோரிடாவில் ஆட்களைத் தண்ணீருக்குள் உட்காரவைத்து 45 நிமிடம் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். ஒருநாள் 33 டிகிரி, ஒருநாள் 20 டிகிரி. செலவான சக்தி இரண்டு நாளும் கிட்டத்தட்ட ஒன்றுதான். குளிர்ந்த தண்ணீர் நாளில் 44 சதவீதம் அதிகமாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். நீச்சல்குளத்துக்குப் போய் எடை கூடி வந்த என் மைத்துனருக்கு இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதில் வரவில்லை.

வேகம்தான் மருந்து என்று தலைக்கேறியிருந்த சமயத்தில் ஆயுத பூஜை வந்தது. மில்லில் எந்திரங்களுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்து, சாயங்காலம் ஐந்து மணிக்குப் பொரி, அவல், சுண்டல், சர்க்கரைப் பொங்கல். தொன்னை சின்னதுதான், நான்தான் மூன்று தொன்னை வாங்கினேன். நெய் கையில் ஒட்டியது ஜிம் கைப்பிடியில் வழுக்கியபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். மணி ஐந்தே முக்கால். நான்காவது தடவை மிதிக்கும்போது விலாவுக்குக் கீழே யாரோ முறுக்கிப் பிழிந்தார்கள். ஐந்தாவதில் ஏப்பம் புளித்தது. ஆறாவதுக்கு நான் சைக்கிளில் இல்லை. பின்பக்க மாடிப்படியில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில், இரண்டு கையையும் சுவரில் ஊன்றி நின்றுகொண்டிருந்தேன். முந்திரிப்பருப்பு முழுசாக வந்தது. முக்கால் மணிநேரத்தில் வயிறு அதன்மேல் ஒரு கீறல்கூடப் போட்டிருக்கவில்லை.

பயிற்சியாளர் முதுகைத் தடவித் தண்ணீர் ஊற்றினார். "என்ன சாப்பிட்டுவிட்டு வந்தீர்கள் அண்ணா?" என்றார். சரஸ்வதி பிரசாதம் என்றேன். கீழே காயில் கட்டுகிறவர் எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல், காயப்போட்டிருந்த தன் துணியைச் சுருட்டி உள்ளே எடுத்துப் போனார்.

சும்மா இருக்கும்போது இதயம் தள்ளுகிற ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வயிறு, குடல், ஈரல் பக்கம் போகிறது. கடுமையாக ஓடும்போதோ மிதிக்கும்போதோ கால்கள் கேட்கின்றன, தோல் கேட்கிறது. குடல் பக்கம் போவது 80 சதவீதம் வரை சரியலாம். இரைப்பை தன்னிடம் இருப்பதைக் கீழே தள்ளும் வேலையும் மந்தமாகிவிடும். மிதமான நடையில் இந்தச் சண்டை இல்லை, சொல்லப்போனால் இரைப்பை கொஞ்சம் சுறுசுறுப்பாகவே காலியாகிறது. உண்ட களைப்பு தொண்டனுக்கும் உண்டு என்ற பழமொழியைச் சோம்பேறிகளின் சாக்கு என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்தத் தொண்டன் விவரமானவன்.

வயிற்றுக்குள் எட்டிப் பார்த்தே இதை எழுதிய ஒருவர் உண்டு. 1822இல் அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் அலெக்சி செயின்ட் மார்ட்டின் என்ற படகுத் தொழிலாளிமேல் துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. ஆள் பிழைத்தார், வயிற்றில் விழுந்த துளை மட்டும் மூடவில்லை. சிகிச்சை செய்த ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட், உணவுத் துண்டுகளைப் பட்டுநூலில் கட்டி அந்தத் துளை வழியாக உள்ளே இறக்குவார், நேரம் பார்ப்பார், வெளியே இழுத்து எவ்வளவு கரைந்திருக்கிறது என்று எழுதுவார். பல வருடம் இதே வேலை. 1833இல் புத்தகமாகப் போட்டார். லேசான உடலசைவு செரிமானத்துக்கு உதவுகிறது என்பது அவருடைய முடிவுகளில் ஒன்று. பட்டுநூலும் கடிகாரமும் ஒரு குறிப்பேடும்! எனக்கு அந்த மனிதர்மேல் தொழில்முறைப் பாசமே வந்துவிட்டது. செயின்ட் மார்ட்டின் இதைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்பது வேறு விஷயம்.

வரிசைக்கு வருகிறேன். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அண்ணன் மகள். அவளுக்குச் சிறு வயதிலிருந்தே முதல் வகைச் சர்க்கரை, இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். ஓட்டத்தில் ஆரம்பிக்கிற நாளில் பாதி வழியிலேயே சர்க்கரை கிடுகிடுவென இறங்கிவிடும், இடுப்புப் பையில் குளுக்கோஸ் இல்லாமல் கிளம்ப மாட்டாள். ஒருநாள், "சித்தப்பா, எடையை முதலில் தூக்கிவிட்டு அப்புறம் ஓடினால் இவ்வளவு இறங்குவதில்லை" என்றாள். அவளுடைய டாக்டர் சொல்லி மாற்றியிருக்கிறாள். கனடாவின் ஒட்டாவாவில் ஜேன் யார்ட்லி என்பவர் தலைமையில் இப்படியே ஒரு சோதனை நடந்திருக்கிறது, 2012இல் வெளியானது. முதல் வகைச் சர்க்கரை உள்ள 12 பேர். 45 நிமிடம் எடை, 45 நிமிடம் ஓட்டம். இன்னொரு நாள் அதையே தலைகீழாக. எடையை முதலில் வைத்தபோது சர்க்கரை அவ்வளவு ஆட்டம் போடவில்லை. அதே உடம்பு, அதே ஒன்றரை மணிநேரம். மாற்றியது முன்பின்னை மட்டும்தான்.

எனக்கு இன்சுலினும் இல்லை, இடுப்புப் பையும் இல்லை. ஆனால் பேரேடு இருந்தது. மூன்று வாரம் எடை முதலில், சைக்கிள் வெறியாட்டம் கடைசியில். அடுத்த மூன்று வாரம் சைக்கிள் முதலில், எடை கடைசியில். அதற்கடுத்த மூன்று வாரம் இரண்டையும் முடித்துவிட்டு, சாவகாசமாக அரைமணி நடை. கூட்டிப் பார்த்தேன். சைக்கிளில் முடிந்த நாட்களில் பசி சராசரியாக இரண்டு. எடையில் முடிந்தால் நான்கு. நடையில் முடிந்த நாட்களில் ஆறரை. அந்த மூன்றாம் கட்டத்தில்தான் மற்ற இரண்டைவிட அதிகமாக உடம்பு அசைந்திருக்கிறது, அதில்தான் வீட்டுக்கு வந்ததும் சமையலறைக்குள் நுழைந்து சட்டியைத் திறந்திருக்கிறேன். என் ஊகம் இதுதான். கடும் உழைப்பு போடுகிற பூட்டுக்கு ஆயுள் குறைவு. மெல்ல நடக்கிற அரைமணியில் அது தானாகத் திறந்துகொள்கிறது, திறக்கிற நேரத்தில் நான் அடுப்படிக்குப் பக்கத்தில் நிற்கிறேன். ஒரே ஆளின் கணக்கு, தணிக்கை ஆகாதது. அந்த அளவுக்கே மதியுங்கள்.

பூட்டித் தப்பித்த பசி ராத்திரி வட்டியோடு வராதா என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. பன்னிரண்டு வாரத்தில் நான்கு தடவை வந்திருக்கிறது, ஒன்பதரை மணிக்கு, நான்கும் ராத்திரிச் சாப்பாட்டை வேண்டுமென்றே குறைத்த நாட்கள். ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிட்ட நாட்களில் வரவில்லை.

ஜிம்மில் ஒரு நம்பிக்கை உலவுகிறது. கடுமையாகச் செய்துவிட்டுப் போனால் மறுநாள் வரைக்கும் உடம்பு தானாக எரித்துக்கொண்டே இருக்குமாம். பயிற்சியாளரும் கையை விரித்துச் சொல்வார். எரிவது உண்மை, கொழுந்துவிட்டு அல்ல. பயிற்சியில் செலவானதில் 6 முதல் 15 சதவீதம் வரை என்றுதான் அளந்தவர்கள் சொல்கிறார்கள். 300 கலோரி செலவழித்தால் மேற்கொண்டு 18 முதல் 45. ஒரு பேரீச்சம்பழம், மிஞ்சினால் இரண்டு. அதேபோல, ஐம்பதைத் தாண்டிவிட்டதால் வளர்சிதை மாற்றம் படுத்துவிட்டது என்று நான் டாக்டரிடம் சொல்லிவந்த சாக்கும் 2021இல் செத்துப்போனது. ஹெர்மன் பான்ட்சர் உள்ளிட்ட பெரிய கூட்டமொன்று 29 நாடுகளில் 6,400க்கும் மேற்பட்டவர்களை அளந்து எழுதியது. உடலளவைக் கழித்துப் பார்த்தால் 20 வயதுக்கும் 60 வயதுக்கும் இடையில் அது ஏறக்குறைய சமதரையில்தான் போகிறது. எனக்கு இன்னும் ஒன்பது வருடம் சாக்கு கிடையாது.

இத்தனையிலும் என்னை உலுக்கியது ஒரு பழைய ஆராய்ச்சி. அமெரிக்காவிலிருந்து ழான் மேயர் என்பவர், கல்கத்தா பக்கத்துச் சணல் ஆலையொன்றில் வேலை செய்த 213 பேரின் சாப்பாட்டையும் எடையையும் இங்குள்ள சக ஆய்வாளர்களோடு சேர்ந்து கணக்கெடுத்து 1956இல் வெளியிட்டார். கூடுதலாக உழைக்கிறவர்கள் கூடுதலாகச் சாப்பிட்டார்கள், அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது மறுமுனையில் இருந்தது. உட்கார்ந்தே இருந்தவர்கள், லேசான வேலை செய்தவர்களைவிட அதிகமாகச் சாப்பிட்டு, அதிக எடையும் போட்டிருந்தார்கள். அசைவு ஒரு மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் பசி அதற்கேற்பக் குறைவதை நிறுத்திவிடுகிறது. ஆலைக்குள் வேலைப்பிரிவு வாரியாகப் போட்ட அந்தப் பட்டியலில் கிளார்க்குகளும் இருக்கிறார்கள். ஏறத்தாழ எழுபது வருடத்துக்கு முன்னால், இன்னொரு மில்லில், என் நாற்காலியை ஒருவர் அளந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். படித்த மறுநாளிலிருந்து கோடவுன் இருப்பைத் தொலைபேசியில் கேட்பதில்லை. எழுந்து போய்ப் பார்த்து வருகிறேன். கோடவுன் பையன் முதல் வாரம் பயந்துவிட்டான், திடீர்ச் சோதனை என்று நினைத்து.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின்னால் பத்து நிமிட நடை, இது மட்டும் மனைவியின் ஏற்பாடு. நியூசிலாந்தில் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 2016இல் இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ள 41 பேரிடம் பார்த்தார்கள். நாளில் ஏதாவது ஒரு நேரத்தில் முப்பது நிமிடம் சேர்ந்தாற்போல் நடப்பதைவிட, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிடமாக நடந்தபோது, சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை 12 சதவீதம் குறைவு. ராத்திரி வேளைக்கு மட்டும் எடுத்தால் 22 சதவீதம். அசைகிற தசை இன்சுலினுக்காகக் காத்திராமல் ரத்தத்திலிருந்து சர்க்கரையைத் தானே எடுத்துக்கொள்கிறது. அரிசிம்பருப்பு சாதம் சாப்பிட்டு ஒரு மணிநேரத்தில் விரலைக் குத்திப் பார்த்தேன். நடக்காத நாளில் 171, நடந்த நாளில் 142. என் டாக்டரின் "முதலில் நடங்கள்" என்ற பதிலை அன்றைக்குத்தான் மன்னித்தேன்.

தை மாதம் எடுத்ததில் மூன்று மாதச் சர்க்கரை 5.8, எடை 80. ரேஸ்கோர்ஸ் நண்பர்களை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகிறேன், கடைசிச் சுற்றில் இருவரையும் விட்டுவிட்டு வேகமெடுக்கிறேன். வேறு வேலை இல்லையா என்று அரசியல் நண்பர் பின்னாலிருந்து கத்துகிறார். இருவரும் பஜ்ஜி தின்று முடித்து டீயை ஆற்றும் நேரத்தில், பக்கத்தில் நின்று தண்ணீர் குடிக்க எனக்குத் தெம்பு இருக்கிறது. எல்லா ஞாயிற்றுக்கிழமையும் இருப்பதில்லை.

இன்று சாயங்காலம் பிடித்த மழை விடவில்லை. தெருவில் முழங்கால் தண்ணீர். ராத்திரி தக்காளிச் சோறும் அப்பளமும் ஆன பிறகு, மாடி வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தோம், ஒரு பக்கத்துக்குப் பதினான்கு அடி. ஐம்பதாவது திருப்பத்தில் கீழ்வீட்டு அம்மாள் போன் செய்து, பீரோவை இந்நேரத்துக்கு நகர்த்துகிறீர்களா என்று விசாரித்தார்.